ஊமைக் கார்ட்டூனுக்கு மொழி இல்லையாம்!

மலையகத்தில் பிள்ளைகளுக்குப் படம் காட்டப் புறப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். "பழைய ஊமைக் கார்ட்டூன் போடுங்கள். அதற்கு மொழியே தேவையில்லை. சிங்களப் பிள்ளைக்கும் விளங்கும், தமிழ்ப் பிள்ளைக்கும் விளங்கும், எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பாயிக்கும் விளங்கும்." ஹட்டனில் ஆசிரியர் பயிலரங்கு நடந்தாலும் இதுதான், நுவரெலியாவில் சிறுவர் விழா நடந்தாலும் இதுதான். கொஞ்சம் வாசித்தவர்கள் இதையே மெருகேற்றிச் சொல்வார்கள்: உலகப் பொதுவாக இருந்த ஒரு கலை 1928இல் ஒலி வந்ததும் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிட்டது, அன்றைக்கு எழும்பிய சுவர் இன்றுவரை விழவில்லை என்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், நடந்தது இதற்கு நேர்மாறு. எழுத்தை நம்பிப் பிழைத்தது ஊமைக் காலத்துக் கார்ட்டூன்தான். ஒலி வந்த முதல் சில ஆண்டுகளில்தான் அது எழுத்தின் பிடியிலிருந்து கொஞ்சமாவது விடுபட்டது. வாசிக்கத் தெரியாத அப்பாயிக்கு நெருக்கமான படம் எது என்று கேட்டால், 1919இல் வந்த பூனையைவிட 1928இல் வந்த எலியைத்தான் நான் காட்டுவேன்.

படங்களையே பார்ப்போம். 1914இல் வின்சர் மக்கே 'கேர்ட்டி' என்ற டைனோசரை அமெரிக்க மேடைக்குக் கொண்டுவந்தார். படம் ஓடும்போது அவரே கையில் சாட்டையோடு திரைக்குப் பக்கத்தில் நிற்பார். வா என்பார், கேர்ட்டி வரும். காலைத் தூக்கு என்பார், தூக்கும். அடங்காவிட்டால் அதட்டுவார், அது அழும். அப்பிள் ஒன்றை வீசுவதுபோல் பாவனை காட்டுவார், திரையில் அது கவ்விக்கொள்ளும். வேடிக்கையில் பாதி படச்சுருளில் இருந்தது, மறுபாதி மக்கேயின் வாயில் இருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், அவர் கூடப் போகாமலே ஊர் ஊராக ஓட்டுவதற்கு ஒரு பதிப்புத் தயாரானது. அதில் அவர் பேசிய இடங்களில் எழுத்துப் பலகைகளைச் செருக வேண்டியிருந்தது. மொழியே தேவைப்படாத படம் என்றால் பலகை எதற்கு?

அடுத்தது ஃபீலிக்ஸ் பூனை. மிக்கி மவுஸ் வரும்வரை உலகத்தில் பேரெடுத்த கார்ட்டூன் நட்சத்திரம் அதுதான். 1919இல் வந்த 'ஃபீலைன் ஃபாலீஸ்' அதன் முதல் வருகை. பெயர் போட்டுக்கொண்டவர் பெட் சல்லிவன், வரைந்தவர் ஒட்டோ மெஸ்மர். அதில் காதலிக்கு முன்னால் பூனை வாத்தியம் வாசிக்கிறது. ஓசை இல்லாத காலம், ஆகவே இசை காற்றில் இசைக்குறிகளாக எழும்புகிறது. அந்தக் குறிகளைப் பிடித்து, சேர்த்து வண்டியாக்கி, இரண்டு பூனைகளும் ஏறிப் போகின்றன. அற்புதமான கற்பனை, சந்தேகமில்லை. ஆனால் மேற்கத்திய இசைக்குறியை ஒருநாளும் காகிதத்தில் கண்டிராத ஒருவருக்கு அங்கே தெரிவது என்ன? காற்றில் நீந்தும் தலைப்பிரட்டைகள். இசை வண்டியானது என்ற சிரிப்பு, இசைக்குறி வாசிக்கும் நாகரிகத்தில் வளர்ந்தவனுக்கு மட்டும் உரியது.

ஃபீலிக்ஸின் மற்ற வித்தைகளும் இதே ரகம். யோசித்தால் தலைக்கு மேல் கேள்விக்குறி முளைக்கும், அதைப் பிடித்துக் கொக்கியாக்கிக்கொள்ளும். ஆச்சரியக்குறியும் அதற்கு ஆயுதம். 1923இல் வந்த 'ஃபீலிக்ஸ் இன் ஹாலிவுட்' படத்தில் பூனை தன் வாலைத் தடியாகச் சுழற்றிச் சாப்ளின் நடை நடக்கிறது. சாப்ளினே எதிரில் வந்து, என் வித்தையைத் திருடுகிறாயா என்று சண்டைக்கு நிற்கிறார். சாப்ளினைத் தெரியாதவர்களுக்கு அது ஒரு பூனையும் ஒரு மீசைக்காரனும், அவ்வளவுதான். இதற்கு மேல் பாத்திரங்கள் பேசுவதெல்லாம் வாயிலிருந்து புறப்படும் வட்டத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒரு தோட்டப் பாடசாலையில் இந்த மாதிரிப் படம் ஓடியபோது நான் பின்வரிசையில் இருந்தேன். முன்னாலிருந்த சின்னப் பையன் எழும்பி, "சேர், அந்த முட்டைக்குள்ள என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டான். படம் காட்ட வந்தவர், "அது முக்கியமில்ல தம்பி, படத்தப் பாரு" என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான். மொழி தேவையில்லை என்ற கொள்கை நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்: கேள்வி கேட்டவனை உட்கார வைப்பது.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துப் பலகையை மாற்றுவது சுலபம், குரலை மாற்றுவது கஷ்டம் என்பார்கள். ஆங்கிலப் பலகையை வெட்டி எடுத்துவிட்டுப் பிரெஞ்சுப் பலகையை ஒட்டினால் படம் பிரெஞ்சுப் படமாகிவிடும், ஊமைப் படங்கள் ஐரோப்பா முழுக்க அப்படித்தான் சுற்றின. உண்மைதான். ஆனால் இது நடிகர் நடித்த படங்களுக்குப் பொருந்துகிற அளவு கார்ட்டூனுக்குப் பொருந்தாது. பேச்சு வட்டம் படத்துக்குள்ளேயே வரையப்பட்டது. அதை வெட்டி எறிய முடியாது, காட்சியைத் திரும்ப வரையத்தான் வேண்டும். அதோடு, பலகையை மாற்றினாலும் அதை வாசிக்க ஆள் வேண்டுமே. தென்னிந்தியாவில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தபோது தமிழ்ப் பலகையும் போட்டார், ஆங்கிலப் பலகையும் போட்டார், இந்திப் பலகையும் போட்டார். அப்படியும் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்கிற வழக்கம் தமிழ்நாட்டு ஊமைப்பட அரங்குகளில் இருந்தது. யப்பானில் இந்தக் கதைசொல்லிகளுக்கு 'பென்ஷி' என்று பெயர். நடிகரைவிடப் பென்ஷிக்காகவே ஆட்கள் கூடிய காலம் உண்டு. ஆக, ஊமைப்படம் என்று நாம் சொல்வது அதன் காலத்தில் ஊமையாக ஓடியதே இல்லை. குரல் அரங்கத்தில் இருந்தது, அந்தக் குரலுக்கு ஒரு மொழியும் இருந்தது. நாம் இன்று மடிக்கணினியில் போட்டுப் பார்ப்பது அந்த நிகழ்ச்சியின் மிச்சத்தை.

இனி நம்முடைய மலைக்கு வருவோம். அந்தப் பூனை புகழின் உச்சியில் இருந்த 1920களில் தோட்டத்து லயங்களில் எழுத்து எந்த நிலையில் இருந்தது? 1920இன் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கக் கை தேவைப்படுகிறவனிடமே பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் வேலையும் கொடுக்கப்பட்டது. விளைவு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அந்தப் பத்தாண்டில்தான் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். 1931இல் ஹட்டனை மையமாக வைத்து அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். பத்திரிகைக்காரரான அவருக்குப் பத்திரிகை மட்டும் போதாது என்று தெரிந்திருந்தது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் எழுந்து, தொழிலாளர் நிலைமையைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். அந்தப் பாடல்கள் 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று புத்தகமாகவும் வந்தன. ஆனால் புத்தகம் பிறகு வந்தது, முதலில் போய்ச் சேர்ந்தது தொண்டை. விடியற்காலை ஆளெடுக்கும் பெரட்டுக்குத் தப்படித்துக் கூப்பிட்ட காலம் அது. சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, வேலைக்கு ஓர் அடி என்று காதாலேயே பிரித்தறிந்த சனம். மாசி மாதம் காமன் கூத்து தொடங்கினால் ரதி என்ன சொல்கிறாள், மதன் என்ன சொல்கிறான் என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சனம். இவர்களிடம் போய், உங்களுக்கு ஏற்ற கலை சத்தமில்லாத படம்தான் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ஒலி வந்த கதையையும் பலர் தப்பாகவே சொல்கிறார்கள். 1928 நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க்கின் கொலனி அரங்கில் 'ஸ்டீம்போட் வில்லி' ஓடியது, அன்றைக்கே கார்ட்டூனுக்கு வாய் திறந்தது என்பது டிஸ்னி நிறுவனத்துக்கு வசதியான கதை. 1924இலிருந்தே ஃபிளைஷர் சகோதரர்கள், லீ டி ஃபொரெஸ்ட்டின் ஒலிமுறையை வைத்துப் பாட்டுக் கார்ட்டூன்கள் செய்தார்கள். பாட்டின் வரிகள் திரையில் வரும், எழுத்துக்கு எழுத்து ஒரு பந்து குதித்துப் போகும், சனம் கூடப் பாடும். வில்லிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே போல் டெரியின் 'டின்னர் டைம்' சத்தத்தோடு வெளிவந்துவிட்டது. டிஸ்னி அதைப் பார்த்தார், வெறும் இரைச்சல் என்று ஒதுக்கினார். அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். படம் ஒரு பக்கம் போக, சத்தம் மறுபக்கம் போயிற்று. முதலில் வந்தவர் என்ற பட்டத்தைப் பறித்தாலும், டிஸ்னியும் அவருக்கு வலக்கையாக நின்று வரைந்த அப் ஐவர்க்ஸும் செய்த காரியத்தின் கனம் குறையாது.

அந்தக் காரியம் தாளம். ஊமைக் காலத்தில் படம் ஓடும் வேகம் இயக்குகிறவனின் கையில் இருந்தது. இன்றைக்கு ஒரு வேகம், நாளைக்கு ஒரு வேகம். ஒலி படச்சுருளில் ஏறியதும் வேகம் நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்று உறைந்தது. 12 சட்டத்துக்கு ஓர் அடி விழுந்தால் நிமிடத்துக்கு 120 அடி. வரைகிறவன் முதன்முதலாக, எத்தனையாவது படத்தில் அடி விழும் என்று தெரிந்து வரைந்தான். டிஸ்னியிடம் வேலை செய்த வில்பிரட் ஜாக்சன், தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒலிப்பதிவில் முதல்முறை வாத்தியக்காரர்களும் படமும் ஒத்துவரவில்லை. பிறகு நடத்துனரின் கண்ணுக்குத் தெரியும்படி படத்திலேயே துள்ளும் பந்தொன்றை அடையாளமாக ஓடவிட்டுத் திரும்பப் பதிந்தார்கள். தப்புக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். காலடி எங்கே விழும் என்று தெரியாமல் அடிக்கிறவன் தப்புக்காரனே இல்லை.

இப்போது வில்லி படத்தில் வரும் ஆட்டைப் பாருங்கள். மின்னி கப்பலில் ஏறுகிறாள். கையிலிருந்த இசைத்தாள்களும் அவளுடைய சின்ன வாத்தியமும் கீழே விழுகின்றன. ஆடு ஒன்று இரண்டையும் தின்றுவிடுகிறது. மின்னி ஆட்டின் வாலைப் பிடித்துக் கைப்பிடிபோல் சுற்ற, அதன் வாயிலிருந்து பாட்டு வருகிறது. பிறகு மிக்கி கப்பலிலுள்ள மிருகங்களையெல்லாம் வாத்தியமாக்குகிறது. பூனையின் வாலை இழுக்கிறது, வாத்தை நெருக்கிப் பிடித்து ஊதுகிறது, பசுவின் பல்லில் தட்டித் தட்டி வாசிக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஃபீலிக்ஸ் இசைக்குறியைக் கண்ணுக்குக் காட்டியது. இங்கே காகிதத்தில் கிடந்த குறியை ஆடு தின்று ஓசையாகத் திருப்பிக் கொடுக்கிறது. முன்னதற்கு வாசிப்பு வேண்டும், இதற்குக் காது போதும். படம் முழுவதிலும் ஒரு கிளி கத்துகிற ஓரிரு சொற்களுக்கு மேல் பேச்சென்று ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டில் வந்த 'ஸ்கெலிட்டன் டான்ஸ்' இன்னும் ஒருபடி மேல். எலும்புக்கூடுகள் இடுகாட்டில் ஆடுகின்றன, ஒன்றின் முதுகெலும்பில் மற்றது தாளம் போடுகிறது. பேச்சே கிடையாது. உலகப் பொதுவான கார்ட்டூனைத் தேடுகிறவர் 1929இல்தான் தேட வேண்டும், 1919இல் அல்ல.

ஃபிளைஷரின் குதிக்கும் பந்தைக் காட்டி என்னை மடக்கலாம். ஒலி வந்தும் எழுத்து போகவில்லையே என்று. போகவில்லைதான். ஆனால் அந்தப் பாட்டுகள் அமெரிக்க அரங்கில் இருந்தவர்களுக்கு ஏற்கனவே வாயில் இருந்தவை. எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து பாடிவிடலாம். ஊமைப் படத்தின் பலகையில் அந்த வசதி இல்லை.

1928 ஆகஸ்டில் சோவியத் இயக்குநர்களான ஐசென்ஸ்டைன், புடோவ்கின், அலெக்சாந்திரோவ் மூவரும் ஒலிப்படத்தைப் பற்றி ஓர் அறிக்கை விட்டதையும் நம்மவர்கள் மேற்கோள் காட்டுவது உண்டு. பேச்சுப்படம் நாடகத்தைப் படம்பிடிக்கும் வேலையாக இறங்கிவிடும், சினிமாவின் சர்வதேசத் தன்மை போய்விடும் என்ற பயம் அதில் இருக்கிறது. பாதியை மட்டும் வாசித்தவர்கள் மேற்கோள் காட்டினால் இப்படித்தான் ஆகும். அந்த அறிக்கை ஒலியை எதிர்க்கவில்லை. படத்தோடு ஒட்டிக்கொண்டு பேசுகிற ஒலியை எதிர்த்தது, படத்துக்கு எதிராக நின்று மோதுகிற ஒலியைக் கேட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஹாலிவுட் போன ஐசென்ஸ்டைன் டிஸ்னியைச் சந்தித்தார், பின்னாளில் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பும் எழுதினார். ஒலிக் கார்ட்டூனை அவர் வெறுத்திருந்தால் இவ்வளவு மை செலவழித்திருக்க மாட்டார்.

மொழிச்சுவர் வரவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வந்தது, பிறகு வந்தது. 1930களின் கடைசியிலும் 40களிலும் கார்ட்டூன்கள் நிறையப் பேசத் தொடங்கின. பக்ஸ் பனியின் பாதிச் சாமர்த்தியம் அதன் நாக்கில். அதற்கு என்ன மருந்து என்பதை இந்த நாட்டிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு தைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் பேச வைத்தார். பக்ஸ் பனி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்துக்குத் தொகுப்பாளராக இருந்த மனிதர், சிறுவர் படமென்று கையைக் குறுக்கிக்கொள்ளவில்லை. வசனத்தை அப்படியே பெயர்க்காமல், சிங்களக் கிராமத்துக் குறும்புக்காரன் எப்படிப் பேசுவானோ அப்படிப் பேச வைத்தார். தோட்டத்தில் டீவி வைத்திருந்த ஒன்றிரண்டு வீட்டு இஸ்தோப்புகளில் குவிந்த எங்கள் பிள்ளைகளும் அந்த முயலைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் அதைக் கேட்டே சிங்களம் பிடித்தார்கள், நல்லது. ஆனால் அந்த முயல் மலையகத் தமிழில் பேசியிருந்தால் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்ற கேள்வியை நாம் கேட்டிருக்க வேண்டாமா? நாம் கேட்டது வேறு: பேச்சில்லாத படம் ஏதாவது கிடைக்குமா என்று. குரலைக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில், குரலே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டோம்.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இந்தக் கொள்கையோடு ஒட்டிக்கொண்டு வரும் 'கள்ளங்கபடமற்ற படங்கள்' என்ற பேச்சு. ஃபிளைஷரின் 1926ஆம் ஆண்டுப் பாட்டுக் கார்ட்டூன் ஒன்றில் நாய் ஒன்று வாய் திறந்து, பந்தைப் பார்த்துப் பாடுங்கள் என்று பார்வையாளரைக் கூப்பிடுகிறது. கார்ட்டூன் பாத்திரம் உதடசைத்துப் பேசிய முதல் தருணங்களில் அது ஒன்று. அங்கே பாடப்படும் பாட்டு எது தெரியுமா? ஸ்டீபன் ஃபொஸ்டர் 1853இல் வெளியிட்ட 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்'. அடிமைகள் வேலை செய்த தோட்டத்தை விட்டுப் பிரிகிற துயரம் அதன் பொருள். காலப்போக்கில் அதுவே தோட்டக்காரச் சீமான்களின் இனிய நினைவுப் பாட்டாகத் திரும்பிவிட்டது. ஆடு தின்று பாடும் 'டேர்க்கி இன் த ஸ்ட்ரோ' மெட்டும், வெள்ளைக்காரர் முகத்தில் கரிபூசிக் கறுப்பினத்தவரைப் பழித்து ஆடிய மேடைகளில் புழங்கிய மெட்டுத்தான். வேறொரு நாட்டுத் தோட்டத்தின் வலி, பாட்டாகி, சிரிப்பாகி நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் வருகிறது. சொல்லிக் கொடுக்க வேண்டிய எவ்வளவு இருக்கிறது இதில்! மொழி தேவையில்லை என்று சத்தத்தைக் குறைத்துவிட்டால் எதைச் சொல்லிக் கொடுப்பது?

படத்துக்கு நீ குரல் கொடுக்காவிட்டால் இன்னொருவன் கொடுப்பான். 1934இல் சிலோன் தேயிலைப் பிரசார சபையின் காசில் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படம் இதற்குச் சாட்சி. அதில் 'வணிகத்தின் குரல்கள்' என்று ஒரு பகுதி. இந்தத் தீவின் உழைப்புக்கு மேலே சந்தை நிலவரமும் வியாபாரமும் பேசும் ஆங்கிலக் குரல்கள் ஓடுகின்றன. ரைட் அதை ஏளனமாகவே செய்தார் என்று சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. இருந்தாலும் வேலை செய்கிறவர்களின் குரல் அதில் இல்லை. கார்ட்டூனுக்குச் சத்தம் வந்த அதே காலத்தில்தான் நம்முடைய படத்துக்கும் சத்தம் வந்தது, வேறு ஆட்களின் சத்தம்.

ஆகவே தோட்டப் பாடசாலைகளுக்குப் படம் கொண்டுபோகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஃபீலிக்ஸைத் தாராளமாகப் போடுங்கள், ஆனால் திரைக்குப் பக்கத்தில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். முட்டைக்குள் எழுதியிருப்பதை அவர் மலையகத் தமிழில் சொல்லட்டும், பிள்ளை கேட்டால் பதிலும் சொல்லட்டும். 'ஸ்கெலிட்டன் டான்ஸ்' ஓடும்போது ஊரிலுள்ள தப்புக்காரரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள், படம் முடிந்ததும் அதே தாளத்தை அவர் அடித்துக் காட்டட்டும். 'ஸ்டீம்போட் வில்லி' 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிப் பொதுச் சொத்தாகிவிட்டது, அதைச் சத்தத்தோடு காட்டுங்கள், பாட்டின் கதையையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அழைப்பிதழில் 'மொழி தேவையில்லை' என்று அச்சடிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.